கொட்டாய்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி அரூர் பக்கமோ கம்பைநல்லூர் பக்கமோ போகிறவர்கள் வழியில் ஊர்ப்பெயர்களைக் கவனித்திருப்பார்கள். பட்டி என்று முடியும் ஊர்களுக்கு நடுவே கொட்டாய் என்று முடியும் சிற்றூர்கள் வரும். வெளியூர்க்காரர்களுக்குக் கொட்டாய் என்றால் சினிமாக் கொட்டாய்தான் நினைவுக்கு வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது காட்டில் போட்ட கொட்டகை. பிறகு அதையொட்டி எழுந்த வீடு. அதற்கும் பிறகு பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்த ஊர்.

அந்த ஊர்கள் பிறந்த விதம் எளிமையானது. குடியிருப்பு ஊருக்குள் இருக்கும். மானாவாரிக் காடும் கிணறும் ஒன்றிரண்டு மைல் தள்ளி இருக்கும். கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும் எருதுகளைப் பொழுது சாய ஊருக்கு ஓட்டிவந்து, கோழி கூப்பிட மறுபடி ஓட்டிப்போவது மாட்டுக்கும் அலுப்பு, மனிதனுக்கும் அலுப்பு. அதனால் கிணற்றுமேட்டில் கால் நட்டு, மேலே கூரை போட்டு, மாட்டை அங்கேயே கட்டினார்கள். காவலுக்கு ஒருவர் கட்டில் போட்டுப் படுத்தார். அடுத்த ஆண்டு ஒரு பக்கம் மண்சுவர் எழுந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் கொட்டாயில் ஒரு தடுப்பு வந்தது, அடுப்பு வந்தது. மாடு பக்கத்தில் புதிதாகப் போட்ட கொட்டாய்க்கு நகர்ந்தது. இரண்டு தலைமுறை கழிந்தபின் பங்காளிகள் வீடுகளாகப் பெருகி, அஞ்சல்காரர் முகவரியில் அந்தப் பெயரையே எழுதத் தொடங்கினார்.

மாட்டுக் கொட்டகை வீடாக மாறுவதென்பது எங்கள் வட்டாரத்தின் குடியேற்ற வரலாறு. அந்த மாற்றத்துக்கு அன்று யாரும் யாரிடமும் மனு எழுதவில்லை. இன்று அதே மாற்றத்தைச் செய்ய நினைப்பவர் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் தொடங்க வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் சொந்தக் கொட்டாயை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் கொட்டாய் எட்டுக் கல்லுக்கால்கள் கொண்டது. இப்பகுதியில் மரத்தைவிடக் கருங்கல் மலிவாகக் கிடைத்த காலத்தில் நட்டவை. பாறையை உளியால் குழியடித்துப் பிளந்து எடுத்த தூண்கள் அவை. ஒரு முகத்தில் அந்த உளிக்குழிகள் வரிசையாக இன்னும் தெரியும். நான்கைந்து தூண்களில் முழங்கால் உயரத்தில் வழவழப்பான ஒரு பள்ளம் உண்டு. கட்டிய மாடு தலையை இழுத்து இழுத்து, தாம்புக்கயிறு கல்லை அறுத்த தடம் அது. விரல் வைத்தால் முதல் கணு வரை உள்ளே போகும். ஒரு கயிறு கல்லை அவ்வளவு தேய்க்க எத்தனை மாடுகள், எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று சிறுவயதில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

கூரைக்குக் கரும்புத் தோகை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், பழைய தோகையைப் பிரித்து எருக்குழியில் தள்ளிவிட்டுப் புதிதாக வேய்வார்கள். வேய்கிறவர் மேலே, தோகைக் கட்டை எடுத்துக் கொடுக்கிறவர் கீழே. உள்ளிருந்து ஒருவர் கோணி ஊசி போல நீண்ட மூங்கில் ஊசியில் கயிறு கோத்து மேலே குத்தி அனுப்ப, மேலே இருப்பவர் அதை வாங்கித் திருப்பி அனுப்புவார். பங்காளி வீடுகளில் இருந்து ஆள் வருவார்கள், கூலி கிடையாது. மதியம் களியும் கருவாட்டுக் குழம்பும் போட வேண்டும். அடுத்த வாரம் அவர்கள் கொட்டாய்க்கு நாம் போக வேண்டும். எங்கள் பக்கம் கூரை வேயத் தெரிந்தவர் என்று இன்று கேட்டால் வயதானவர்கள் சிலரைத்தான் கைகாட்டுகிறார்கள்.

உள்ளே ஒருபுறம் இரண்டு ஜோடி எருதுகள், இன்னொரு புறம் இரண்டு எருமைகள், ஒரு நாட்டுப் பசு, மூலையில் கன்றுகள். நடுவே கல்பலகையால் கட்டிய தீவனத் தொட்டி. வாசலில் கழனித்தண்ணீர்த் தொட்டி. பரணில் கலப்பை, நுகத்தடி, பரம்புப் பலகை. பின்பக்கம் சோளத்தட்டுப் போர். பத்து உருப்படிகள் வரை அந்தக் கூரைக்கடியில் நின்றிருக்கின்றன. கறவை மாடு ஒன்றுக்கு மூன்றரை சதுர மீட்டர் கூரை நிழல் வேண்டும் என்பது கால்நடைத் துறைப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு. பத்து மாட்டுக்கு முப்பத்தைந்து சதுர மீட்டர், ஏறத்தாழ 375 சதுர அடி. 2024-இல் அரசு தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கட்டப்படும் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அன்றைய தொழுவமும் இன்றைய வீடும் ஏறக்குறைய ஒரே அளவு.

எருதுகள் வெளியேறியது ஒரே நாளில் நடந்ததல்ல. முதலில் கவலை நின்றது. கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இறங்கியதும், விடியற்காலையில் நான்கு எருதுகள் சரிவில் ஏறி இறங்கும் சத்தம் ஓய்ந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-க்குப் பின் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. தண்ணீர் இறைக்க மாடு வேண்டியதில்லை என்றானது. உழவுக்கு மட்டும் ஒரு ஜோடி மிஞ்சியது. ஓர் ஏர் ஒரு நாளில் முக்கால் ஏக்கர் உழும்; டிராக்டர் அதை ஒரு மணி நேரத்தில் முடிக்கும். ஆண்டில் முப்பது நாள் வேலைக்காக முன்னூற்று அறுபத்தைந்து நாளும் தீனி போட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தைக்கு எங்கள் கடைசி ஜோடி போன அன்று அப்பா நுகத்தடியைக் கழற்றிப் பரணில் வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

மாடுகளே குறைந்துவிட்டன என்று சொல்வது தவறு. 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 88 லட்சமாக இருந்த மாட்டினம் 2019-இல் 95 லட்சத்தைத் தாண்டியது. கூடியது கலப்பினக் கறவைப் பசு. எருமை 7.80 லட்சத்திலிருந்து 5.19 லட்சமாக இறங்கியது. காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயர் தாங்கிய, கல்லாங்காட்டிலும் சளைக்காத உழவு மாட்டினத்தை இன்று ஆராய்ச்சி மையம் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. ஜெர்சி கலப்புப் பசுவுக்கு இருட்டுக் கொட்டாய் ஒத்துவராது. சிமெண்ட் தரை, சாய்வான சாக்கடை, காற்றோட்டம் வேண்டும். எங்கள் ஊரில் பலருக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் புதுக் கொட்டகை கட்டித் தரப்பட்டது. மாடு புதுக் கொட்டகைக்குப் போனது. பழைய கல்லுக்கால் கொட்டாய்கள் காலியாக நின்றன.

இந்தப் புதுக் கொட்டகைகளுக்கு வெகுமுன்பே, எருதுகள் போய்க் காலியான கொட்டாய்க்கு எங்கள் மாவட்டம் முதலில் கண்டுபிடித்த வேலை பட்டுப்புழு. தர்மபுரியில் அரசுப் பட்டுக்கூடு அங்காடி இருந்ததால் கூட்டை விற்க அலைய வேண்டியதில்லை. எண்பதுகளின் இறுதியில் நாங்களும் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி நட்டோம். கொட்டாயின் பக்கங்களை மூங்கில் தட்டியால் அடைத்து, ஊசி ஈ நுழையாமல் வலை கட்டி, தரையைச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவி, மூங்கில் தட்டுகளை அடுக்கினோம். இருபத்தைந்து இருபத்தெட்டு நாள் வேலை. ஐந்தாம் பருவத்தில் புழுக்கள் இலை தின்னும் சத்தம் கூரையில் தூறல் விழுவதுபோல் இரவெல்லாம் கேட்கும். கூடு கட்ட அன்று மூங்கில் சந்திரிகை; இன்று மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் நெட்ரிகை. அன்று இலையைப் பறித்து நறுக்கிப் போட்டோம். இன்று தண்டோடு வெட்டி அடுக்கில் பரப்பிவிடுகிறார்கள், பாதி ஆள் போதும். தோகைக் கூரை வெயிலைத் தாங்கியது; இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது அதனடியில் எளிதாக இருந்தது. தகரக் கூரைக்கு மாறியபின் மேலே சாக்கு விரித்துத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

மாட்டிலிருந்து புழுவுக்கு மாறியபோதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதில் நியாயம் இருந்தது. நிலம் அப்போதும் உழவுக்குத்தான் பயன்பட்டது. இந்த வேறுபாடு பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

அதற்கும் முந்தைய காலத்தில் கட்டடம் என்றால் ஊரில் பார்க்க வேண்டியவர்கள் இருவர், கர்ணமும் மணியக்காரரும். கர்ணத்திடம் நிலக் கணக்கு, மணியக்காரரிடம் வரி. கொட்டாய் போட்டால் கர்ணம் பார்ப்பார். பார்த்ததை எழுதுவாரா மாட்டாரா என்பது அவர் விருப்பம். புறம்போக்கில் கால் நட்டால் மட்டும் சத்தம் வரும். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரைக் கர்ணத்தின் சொல்லுக்கு எதிராக ஒரு சிறு விவசாயி எதையும் நிறுவ முடியாத காலம் அதோடு முடிந்தது. அந்தப் பழைய காலத்தை நல்ல காலம் என்று எழுத என்னால் முடியாது. வழக்கம் என்ற பெயரில் யாருக்குக் கொட்டாய் போட இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். சேரியில் இருந்தவர் கிணற்றுமேட்டில் கால் நட்டு அது ஊராக வளர்ந்த கதை மிகக் குறைவு.

வீட்டுமனை நிலம் நத்தம் என்ற பெயரில் தனியே கிடந்தது. அதற்குப் பட்டாவே இல்லாமல் தலைமுறைகள் வாழ்ந்தன. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து, முதலில் தோராயப் பட்டாவும் பிறகு தூய பட்டாவும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் பெயரில் மனைப்பட்டா வந்தது அப்போதுதான். கணவன் இறந்த பிறகு கொட்டாயில் ஓரமாக ஒதுக்கப்பட்ட ஒரு பெரியம்மா, தன் பெயர் எழுதிய அந்தத் தாளைத் தகரப் பெட்டியில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பங்காளிகள் அதன்பின் அவரிடம் குரல் உயர்த்தவில்லை.

ஆனால் காட்டில் இருந்த கொட்டாய்கள் நத்தத்துக்குள் வரவில்லை. ஆவணத்தில் அவை புன்செய்க் காடு. இன்றைய சிக்கல் எல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து கிளைக்கிறது.

சட்டம் முன்பே இருந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினுடையது. 1994-இல் ஊராட்சிகள் சட்டமும், 1997-இல் ஊராட்சிகள் கட்டட விதிகளும் வந்தன. வீடு கட்ட ஊராட்சித் தலைவரிடம் வரைபடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அப்போதிருந்தே விதி. எங்கள் பக்கம் அதைச் செய்தவர்கள் வங்கிக் கடன் தேவைப்பட்டவர்கள் மட்டும். நிலைமை மாறியது 2016 செப்டம்பர் 9 அன்று. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலத்தைக் கூறுபோட்டுக் கல் நட்டு விற்கும் வணிகத்துக்கு எதிரான ஆணை அது. மறு ஆண்டு, மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளும், திட்டமிடப்படாத பகுதிகளில் வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான விதிகளும் வந்தன. 2019 பிப்ரவரியில் மாநகராட்சி முதல் சிற்றூராட்சி வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. சென்னை அண்ணா சாலைக்கும் எங்கள் கிணற்றுமேட்டுக்கும் ஒரே புத்தகம் என்றானது.

தம்பி மகன் பட்டயப் படிப்பு முடித்தவன். பட்டுப்புழு நின்றுபோன கொட்டாயைச் செப்பனிட்டு, முன்பாதியில் உரம், விதை விற்கும் கடையும் பின்பாதியில் இரண்டு அறை வீடும் அமைக்க நினைத்தான். “கல்லுக்கால் எட்டும் நல்லாத்தான இருக்கு பெரியப்பா, எதையும் இடிக்க வேண்டாம். சுவர் வச்சு ஷீட்டு போட்டாப் போதும்” என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஓர் அலுவலகத்தில் அ-பதிவேட்டு நகலைப் பார்த்தவர் முதல் கேள்வியாகக் கேட்டது, “இது புன்செய்தானே?” என்பது. மாடு கட்டவும் புழு வளர்க்கவும் அந்த வகைப்பாடு இடையூறு இல்லை. கடை என்றால் நிலத்தின் பயன்பாடு மாறுகிறது; அதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு வேண்டும். நன்செய்யாக இருந்தால் கண்டிப்பு இன்னும் கூடும். ஆட்சியர் அலுவலகம் வரை கோப்பு போகும். அடுத்தது பாதை. எங்கள் கொட்டாய்க்கு வண்டிப்பாதை உண்டு. அது எங்கள் பட்டாவுக்குள் பாதி, பக்கத்துக்காரர் பட்டாவுக்குள் பாதி. புலப்படத்தில் அது பாதையாக இல்லை. அடுத்தது பக்க இடைவெளி. அன்று கொட்டாயை வரப்பை ஒட்டித்தான் போடுவார்கள்; விளையும் மண்ணை வீணாக்கக் கூடாது என்பது பெரியவர்கள் கணக்கு. இன்றைய விதி எல்லையிலிருந்து விலகி நிற்கச் சொல்கிறது. அறுபது ஆண்டுக்கு முன் நட்ட கல்லுக்காலை எப்படி விலக்குவது? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் அனுமதி எளிது என்றார் அந்த அலுவலகத்தில் ஒருவர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என்னை வருந்தவைத்தது அந்த வாக்கியம்தான்.

மூன்று முறை போனோம். முதல் முறை சிட்டா மட்டும் போதாது என்றார்கள். இரண்டாம் முறை வில்லங்கச் சான்று கேட்டார்கள். மூன்றாம் முறை, எல்லாம் இனி இணையதளம் வழியேதான் என்று சொல்லி அனுப்பினார்கள். இதையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஊராட்சித் தலைவரைப் பார்ப்போம் என்றால், 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலராக இருந்தார். தெருவில் பார்த்துப் பேசக்கூடிய ஆள் இல்லை என்றானது.

மின்சாரமும் அப்படித்தான். கொட்டாயில் பம்புசெட் இணைப்பு இருக்கிறது. இலவச இணைப்பிலிருந்து கடைக்கு ஒரு விளக்குகூடப் போடக் கூடாது, அது சரியானதும்கூட. ஊரார் வரிப்பணத்தில் வரும் மின்சாரம் தண்ணீர் இறைக்கத்தான். வீட்டுக்குத் தனி இணைப்பு, கடைக்குத் தனி இணைப்பு, ஒரே கூரையின் கீழ் மூன்று கட்டணங்கள். அன்று ஓர் அரிக்கேன் விளக்கு மாட்டுக்கும் மனிதனுக்கும் சேர்ந்து எரிந்தது.

இதற்கிடையில் நல்ல மாற்றமும் வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறை நடைமுறைக்கு வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர், தரைத்தளமோ அதற்குமேல் ஒரு தளமோ, தானே சான்றளித்து இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். யாரும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை காத்திருக்க வேண்டாம். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் நத்தம் மனையில் இப்படி அனுமதி வாங்கிவிட்டான். அவன் அப்பா ஓட்டு வீட்டுக்கு வரி ரசீது வாங்கவே நான்கு முறை நடந்தவர். ஆனால் இந்த முறை வீட்டுக்கு மட்டும், அதுவும் மனைக்கு. காட்டுக் கொட்டாய் அதற்குள் நுழையாது.

மொரப்பூரில் கவனிக்க வேண்டிய இன்னொரு விதி உண்டு. ரயில்வே எல்லையிலிருந்து முப்பது மீட்டருக்குள் கட்டடம் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் போகும் பாதையில் எங்கள் நிலையம் இருக்கிறது. 1906-இல் இங்கிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதை போட்டார்கள். பிறகு அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், அதை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். வெறுமனே கிடந்த தடத்தில் கொட்டாய்கள் வந்தன, வீடுகள் வந்தன. 36 கிலோமீட்டர் மொரப்பூர்–தர்மபுரி புதுப் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியபோது, பழைய தடத்தை அப்படியே பயன்படுத்த முடியாத நிலை இருந்தது. எண்பது ஆண்டில் ஒரு ரயில் பாதையே வீடாகிப்போன ஊரில், விதி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

அரசே லாயத்தை மாற்றிய கதையும் நம் பக்கத்தில் உண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1,641 ஏக்கர் கால்நடைப் பண்ணை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம் அது. ராணுவத்துக்கு அந்தத் தேவை ஓய்ந்தபின், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கால்நடைப் பண்ணையாக மாறியது. குதிரை போனது, மாடு வந்தது. நிலம் நிலமாகவே நின்றது.

இங்கிலாந்தில் இதே சிக்கலை வேறு விதமாக அணுகினார்கள். கைவிடப்பட்ட களஞ்சியங்களும் தொழுவங்களும் கிராமமெங்கும் இருந்ததால், 2014 ஏப்ரலில் பழைய வேளாண் கட்டடத்தை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக மாற்றிக்கொள்ள ஒரு தனி வகுப்பை விதியில் சேர்த்தார்கள். 2024 மே மாதம் அதை விரிவாக்கி, மொத்தம் 1,000 சதுர மீட்டர் வரை பத்து வீடுகளுக்கு இடம் கொடுத்தார்கள். உள்ளாட்சி அமைப்பு சில குறிப்பிட்ட விஷயங்களை மட்டும் பார்க்கும்: பாதை, வெள்ளம், மண்ணில் நச்சு, சத்தம் போன்றவை. கட்டடம் மாற்றத்தைத் தாங்கும் உறுதியோடு இருக்க வேண்டும். இடித்துக் கட்டினால் சலுகை இல்லை. அங்கேயும் ஒரு சிடுக்கு உண்டு. சவாரிக் குதிரை வளர்ப்பது வேளாண்மைக் கணக்கில் வராது; எனவே குதிரை லாயத்துக்கு அந்த வழி மூடியிருக்கிறது, முழு விண்ணப்பம்தான் போட வேண்டும். இருந்தாலும் பழைய கட்டடத்தை ஒரு பொருளாகச் சட்டம் பார்க்கிறது. நம் விதிகள் நிலத்தின் வகையைப் பார்க்கின்றன, புதிதாக எழும் கட்டடத்தைப் பார்க்கின்றன. ஏற்கெனவே நிற்கும் கொட்டாய் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

அதனால் நடப்பது என்ன என்பதை எங்கள் பக்கம் காரில் ஒரு சுற்று வந்தால் பார்க்கலாம். கல்லுக்கால்களைப் பிடுங்கி வேலிக்கு விற்கிறார்கள். சில தூண்கள் சேலம் சாலையில் உணவு விடுதி வாசலுக்கு அலங்காரமாகப் போகின்றன. கொட்டாய் இருந்த இடத்தில் கலர் ஷீட் கொட்டகை வருகிறது, அதற்கும் அனுமதி இல்லை. நேர்மையாக மாற்ற நினைப்பவர் அலைகிறார். கேட்காமல் கட்டுகிறவர் கட்டிவிடுகிறார். பிறகு விற்கவோ கடன் வாங்கவோ போகும்போதுதான் அவருக்குத் தெரிகிறது, கட்டியது எதுவும் காகிதத்தில் இல்லை என்பது.

விதிகளால் வந்த நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். தோகைக் கூரையில் தீப்பிடித்து ஒரே மாசி மாதத்தில் மூன்று கொட்டாய்கள் எரிந்ததையும், கட்டிய மாடு கயிற்றை அறுக்க முடியாமல் கிடந்ததையும் பார்த்தவன் நான். அடுப்புக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரு தட்டி மட்டும் இருந்த காலம் அது. கிணற்றுக்குப் பத்தடியில் எருக்குழி, அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்கள், ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டிய பிறகு தாங்களாகவே குழி வெட்டினார்கள். மலையடிவாரத்துப் புன்செய் நிலம் மனைக்கல் நட்டுப் போகாமல் இன்னும் மரவள்ளியும் மஞ்சளும் விளைகிறது என்றால், 2016-இல் பத்திர அலுவலகக் கதவு மூடியதும் அதற்கு ஒரு காரணம்.

போனது வேறு. பத்துப்பேர் சேர்ந்து கூலியில்லாமல் ஒரு கூரை வேய்ந்த பழக்கம் போனது. ஒரு கட்டடம் மாட்டுக்கு, பிறகு மனிதனுக்கு, பிறகு புழுவுக்கு என்று இடிபடாமல் கைமாறிய சிக்கனம் போனது.

தம்பி மகன் கடையைக் கைவிட்டான். ஓர் ஏக்கரில் மறுபடி மல்பெரி நட்டிருக்கிறான். கொட்டாய் திரும்பப் புழு மனையாகிறது. அதற்கு நிலத்தின் வகை மாற வேண்டியதில்லை. வீடு ஊருக்குள், நத்தம் மனையில், சுயசான்று முறையில் எழுகிறது. காட்டில் குடியிருக்கப் போன எங்கள் தாத்தாவின் நடை பேரன் காலத்தில் ஊருக்குத் திரும்பியிருக்கிறது. அது நல்லதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொட்டாய் இடிபடவில்லை என்பது மட்டும் நல்லது.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். சுயசான்று முறையைக் கொண்டுவந்த அதே துணிவோடு, பழைய உழவுக் கொட்டகைகளுக்கு ஒரு தனிப் பிரிவைச் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் நின்றது என்பதற்குச் சான்று, தாங்கும் உறுதி, பாதை, கழிவுநீருக்கு வழி, சுற்றியுள்ள விளைநிலத்தைத் தொடாமை. இந்த ஐந்தையும் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கட்டும். எல்லையை ஒட்டிய பழைய தூணுக்குப் புதுக் கட்டடத்தின் இடைவெளி விதியைப் பொருத்தாமல் இருக்கட்டும்.

வீட்டில் பழைய கொட்டாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூணைப் பிடுங்க ஆள் கூப்பிடும் முன், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்கிப் பாருங்கள். நிலம் நத்தமா புன்செய்யா, பாதை படத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கல்லுக்கால் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருக்கும்.